பைபிளுக்கு நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது இறையியல் மாணவர்களுக்கு எபிரேயமும் கிரேக்கமும் எதற்கு?

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அவர் விட்டுவிட்ட பொருள் வாசகர் கண்ணில் படவே படாது. அதைப் பார்க்கத்தான் பைபிளின் மூலமொழிகளான இவ்விரண்டும்.

யோவான் சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘அனோதென்’ பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் பொருள், ‘மேலிருந்து’ என்றும் பொருள். அவரைப் பார்க்க வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்குள் திரும்பவும் போக முடியுமா என்று கேட்கிறார். இயேசுவோ ஆவியால் பிறப்பதைப் பற்றிப் பேசுகிறார். உரையாடலே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எபிரேயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பழைய பிரதிகளில் உயிர்க்குறிகள் கிடையாது. யாத்திராகமம் 34-இல் மோசேயின் முகம் ஒளிவீசியது என்று சொல்லும் வினையும், ‘கொம்பு’ என்ற சொல்லும் ஒரே மூன்று மெய்யெழுத்துகள். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், கொம்பு என்றே எழுதினார். ரோமில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசேக்கு இன்றும் இரண்டு கொம்புகள்!

அப்புறம், திருச்சபை வரலாறு. கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிக்கேயா சங்கம், குமாரனாகிய இயேசுவைப் பிதாவாகிய கடவுளோடு ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ஒரே தன்மையுள்ளவர், என்றது. பிறகு சிலர் ‘ஒத்த தன்மையுள்ளவர்’ என்று மாற்றப் பார்த்தார்கள். கிரேக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ‘இயோட்டா’ என்ற ஒரே எழுத்து.

ஓரிரு வருடப் படிப்பில் யாரும் அறிஞராகிவிட முடியாதுதான். ஆனால் இரண்டு மொழிபெயர்ப்புகள் முரண்படும்போது, ஏன் என்று நீங்களே போய்ப் பார்க்கலாம்.