தரையிலயும் தண்ணியிலயும் ஓடுற வண்டி வீட்லயே செய்யலாமா? உங்க கேள்விகளுக்கு என் பதில்

கே: அண்ணா, பழைய ஏடிவி (மேடு பள்ளத்துல ஓடுற, ஹேண்டில்பார் வச்ச நாலு சக்கர வண்டி) ஒண்ணு சும்மா கிடக்கு. ரெண்டு பேரோட மிதக்கணும்னா எத்தனை டிரம் வேணும்?

ப: முதல்ல எடை போடுங்க தம்பி, டிரம் அப்புறம். 1 லிட்டர் தண்ணிய தள்ளுனா 1 கிலோ தாங்கும், கணக்கு அவ்வளவுதான். வண்டி 250 கிலோ, ஆளுங்க 150, ஃப்ரேம் டிரம் எல்லாம் ஒரு 100, ஆக 500 கிலோன்னு வைங்க. அதுக்கு 500 லிட்டர் போதும்னு நெனச்சிடாதீங்க, அப்போ டிரம் முழுசா முங்கித்தான் நிக்கும், ஒரு சின்ன அலை வந்தா முடிஞ்சது. டபுளா 1000 லிட்டர் வேணும். 200 லிட்டர் டிரம் அஞ்சு வரும், ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல, அதனால ஆறா போட்டுருங்க.

கே: டிரம்ம அடியில கட்டலாமா?

ப: கூடாது, வண்டி உசந்து கவுந்துரும். பக்கவாட்டுல கட்டுங்க, அகலம்தான் காப்பாத்தும். இன்ஜின் பின்னாடி இருந்தா வால் முங்கும், டிரம்மையும் கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க.

கே: டிரம்முக்கு பதிலா தெர்மாகோல்?

ப: பெட்ரோல் பட்டா கரைஞ்சிரும். மேல ஃபைபர் போட்டாலும் சாதா பாலியஸ்டர் ரெசின் (ஃபைபர ஒட்டுற பசை) தெர்மாகோல தின்னுரும், எபாக்ஸி ரெசின்தான் போடணும்.

கே: சார், ப்ரொபெல்லர் கட்டாயமா?

ப: இல்ல. எட்டு சக்கர ஆர்கோ வண்டி டயர் சுத்தியே நீந்துது, ஆனா மணிக்கு 4-5 கிமீ தான், அதனால குளம் ஏரி மாதிரி நிக்கிற தண்ணியோட நிறுத்திக்கோங்க. 1960கள்ல வந்த ஆம்ஃபிகார்னு தரையிலயும் தண்ணியிலயும் ஓடுற கார்ல பின்னாடி ரெண்டு ப்ரொபெல்லர், சுக்கான் தனியா கிடையாது, முன் சக்கரத்த திருப்புனா அதுவே சுக்கான், எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் அது.

கே: சீல் மாத்தியும் வீல் பேரிங் அடிக்கடி போகுதே, ஏன்?

ப: நல்ல கேள்வி, நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. ஓடி வந்த சூட்டோட தண்ணியில இறக்குறீங்க, ஹப் (பேரிங் உக்காந்திருக்குற சக்கரத்தோட நடுப்பகுதி) சட்டுன்னு குளிருது, உள்ள இருக்குற காத்து சுருங்குது, அப்போ அதுவே சீல் இடுக்கு வழியா தண்ணிய உறிஞ்சிக்கும், புது சீலா இருந்தாலும் சரி. அதனால கரையில நிறுத்தி ஹப்ப கையால தொட்டு பாருங்க, சூடு அடங்குனப்புறம் இறக்குங்க. கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்துருச்சுன்னு அர்த்தம், புது கிரீஸ் நிறம் மாறாம வெளிய வர்ற வரைக்கும் பம்ப் பண்ணுங்க. கியர்பாக்ஸ், ஆக்ஸில் ரெண்டுலயும் காத்து போய் வர்ற பிரீதர் ட்யூப ஹேண்டில்பார் உயரத்துக்கு ஏத்தி விடுங்க, அது வழியா தண்ணி போகாது.

கே: வெயிலுக்கு மேல கூரை, சீட் பெல்ட்டு எல்லாம் போடலாமா?

ப: கூரை வேண்டவே வேண்டாம், பெல்ட்ட தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே கழட்டிருங்க. 1999ல அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்து ஏரி ஒண்ணுல மிஸ் மெஜஸ்டிக்னு தரையிலயும் தண்ணியிலயும் ஓடுற ஒரு டூரிஸ்ட் வண்டி முங்கி 13 பேர் இறந்தாங்க. ஷாஃப்ட் வர்ற இடத்துல தண்ணி புகுந்துச்சு, உபரி மிதப்பு இல்லாததால வேகமா முங்குச்சு, கூரை இருந்ததால உள்ள இருந்தவங்க வெளிய வர முடியல. நான் டபுள் லிட்டர்னு பிடிவாதமா சொல்றது இதுக்குத்தான்.

கே: முதல் டெஸ்ட் எப்படி?

ப: ஆள் ஏறாதீங்க, அதே எடைக்கு மணல் மூட்டை ஏத்துங்க, இடுப்பளவு தண்ணி, கரையில இருந்து கயிறு, கூட நிக்கிறவங்க எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டு ஒவ்வொரு டிரம்மா கழட்டி குலுக்கி பாருங்க, ஒண்ணுல தண்ணி சத்தம் கேட்டாலும் அன்னைக்கு யாரும் ஏறக்கூடாது.