சவுக்குப் பூந்தூள்

அன்புள்ள அக்கா,

திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். நானும் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, துப்புத் துலங்காத கொலை வழக்குகளைப் படித்து வருகிறோம். நொய்டாவில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட பதின்மூன்று வயதுப் பெண்ணின் வழக்கு, அதாவது ஆருஷி வழக்கில்தான் ஆரம்பித்தோம். 2013இல் காஜியாபாத் நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் வரி விடாமல் படித்து நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எடுத்திருக்கிறோம். மணிவாரியாக ஒரு பட்டியலும் போட்டோம். அதைப் பார்த்தால் எல்லாம் ஒருவர் மேல்தான் போய் நிற்கிறது என்று எங்கள் மூவருக்கும் தோன்றுகிறது. அதைக் காணொளியாக எடுத்து வைத்திருக்கிறோம், இன்னும் வெளியிடவில்லை.

போன வாரம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "செத்துப்போன பிள்ளையை ஏன்டா இன்னும் கிளறிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து மனசுக்குள் உறுத்துகிறது. வெளிநாடுகளில் எங்களைப் போன்ற ஆர்வலர்கள், காவல்துறையால் முடியாததைச் செய்து காட்டியதாகப் படித்திருக்கிறோம். நாங்கள் செய்வது தப்பா அக்கா? வெளியிடலாமா?

ம., திருச்சி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா கேட்டதைத் தட்டிவிட முடியாது. அதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சோளக்காட்டில் தொடங்கும் கதை அது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979 நவம்பர் 10 காலையில், கலடோனியா என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய சோளக்காட்டில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளை. வலது கண்ணுக்கு மேலே ஒரு குண்டு. சாலையோரத்தில் சுட்டு, காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், முதுகில் இன்னொரு முறை சுட்டிருக்கிறான். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன. யார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரவெல்லாம் பெய்த மழை மிச்சம் மீதி இருந்த தடயங்களையும் கழுவிவிட்டது.

அவள் உடம்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் முப்பத்தைந்து வருடம் அவள் என்றால் இவ்வளவுதான். கைகளில் கறுப்புக் கோடு ஓடும் சிவப்பு நிற ஆண்கள் மேல்சட்டை. கட்டம் போட்ட சட்டை. நீல நிறக் காலுறை. வெள்ளிச் சங்கிலி, அதில் மூன்று சின்ன நீலப்பச்சைக் கற்கள். யாரோ கையாலேயே கோத்தது போல இருந்தது. இடுப்பில் இரண்டு சாவிக்கொத்து வளையங்கள். ஒன்று இதய வடிவம், நடுவில் சாவி வடிவத்தில் ஓட்டை. இன்னொன்று அந்த ஓட்டைக்குள் பொருந்தும் சாவி. இதயத்தின் மேல், சாவி வைத்திருப்பவனால் என் மனதைத் திறக்க முடியும் என்ற பொருளில் ஒரு வரி. கடைத்தெருவில் எந்த வயதுப் பெண்பிள்ளை இதை ஆசைப்பட்டு வாங்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்தக் குளிரிலும் அவள் உடம்பில் நீச்சலுடை போட்டு வெயிலில் கிடந்த தடம் இருந்தது. உள்ளூர்ப் பெண் இல்லை என்பது அதிலேயே புரிந்துவிட்டது. பக்கத்து ஊரான லைமாவில் ஓர் உணவகத்தில் பரிமாறிய பெண், முந்தைய நாள் அவளை ஒரு ஆளோடு பார்த்ததாகச் சொன்னார். கண்ணாடி போட்டவன். அவன் படத்தை வரைந்து ஊரெல்லாம் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டான்ஸ்வில் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில், பெயர் தெரியாத பெண் என்று கல்லில் பொறித்துப் புதைத்தார்கள்.

நடுவில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் செய்தான். டெக்சாஸில் பிடிபட்டு நூற்றுக்கணக்கான கொலைகளைத் தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஹென்றி லீ லூகஸ், 1984இல் இந்தக் கொலையும் தன்னுடையதே என்றான். அவன் வாய்ச்சொல்லை நம்பிப் பல ஊர்களில் கோப்பை மூடினார்கள், பிறகு அவற்றில் பெரும்பாலானவை பொய் என்று தெரியவந்தது. இந்த மாவட்டத்துக்காரர்கள் அவன் பேச்சுக்கு ஆதாரம் தேடினார்கள், கிடைக்கவில்லை, மூடவில்லை. 1979இலேயே இந்த வழக்கைத் தொட்டவர் ஜான் யார்க். பிறகு அவரே அந்த மாவட்டத்தின் ஷெரிஃப், அதாவது காவல் தலைவர் ஆனார், பதவியில் இருந்த காலம் முழுவதும் இதை விடவில்லை. ஆர்வலர்களைப் புகழும்போது நாம் இவர்களை மறந்துவிடுகிறோம். யாரோ ஒருவர் அந்தத் துணிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அடுத்தது நடந்தது.

பல வருடம் கழித்து அந்தத் துணிகளில் ஒட்டியிருந்த பூந்தூளை, அதாவது மகரந்தத்தை, பால் சேம்பர்ஸ் என்பவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் அந்தப் பக்கத்தில் வளராத ஒரு மரத்தின் தூள் கிடைத்தது. என்ன மரம் தெரியுமா? சவுக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் தோப்புத் தோப்பாக நிற்கிறதே, காற்று வந்தால் கடலே பக்கத்தில் வந்துவிட்டது போல இரைகிறதே, அதே சவுக்கு. அமெரிக்காவில் அது பிழைப்பது ஃப்ளோரிடாவின் தென்பகுதி, கலிபோர்னியா, அரிசோனா மாதிரியான சூடான இடங்களில்தான். இதை முதல்முறை படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவள் வாயால் சொல்ல முடியாததை ஒரு மரத்தின் தூள் அவள் சட்டையில் உட்கார்ந்துகொண்டு அத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் ஊர் தெரிந்தால் போதுமா? ஆளைத் தெரியவேண்டுமே.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம் இதுதான். செத்துக் கிடந்த பெண்ணின் கோப்பு நியூயார்க்கில் தடிமனாக இருந்தது. அதோடு ஒட்டவேண்டிய இன்னொரு தாள், அதாவது காணாமல் போன பெண்ணைப் பற்றிய புகார், எந்த ஊரிலும் இல்லை. ஃப்ளோரிடாவில் புரூக்ஸ்வில் என்ற ஊர்ப் பெண் அவள். அடிக்கடி வீட்டைவிட்டு ஓடிப்போகிற பிள்ளை. புகார் கொடுத்துவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், காவல் நிலையத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. ஓடுகாலி என்று ஒரு முறை பெயர் வாங்கிய பெண்பிள்ளையை யாரும் தேடுவதில்லை, அது ஃப்ளோரிடாவானாலும் சரி, நம்ம ஊரானாலும் சரி.

பள்ளிக்கூடத் தோழி ஒருத்திக்கு அவள் நினைவு போகவேயில்லை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஊரைவிட்டு ஓடியவர்கள். நடுவயதாகியும் அந்தத் தோழி இணையத்தில் அவளைத் தேடினார். எங்கேயும் இல்லை. உறவினரைக் கண்டுபிடித்துக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. 2014 ஆகஸ்டில், முப்பத்தைந்து வருடம் தாமதமாக, காணாமல் போனதாகப் புகார் பதிவானது. டேமி ஜோ அலெக்சாண்டர் என்ற பெயர் அரசின் தகவல்தளத்தில் ஏறியது.

கலிபோர்னியாவில் கார்ல் காப்பல்மன் என்று ஒரு கணக்காளர். பிணவறைப் படங்களைப் பார்த்து, அந்த முகம் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று வரைகிறவர். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை, தானாகவே செய்தார். கலடோனியாப் பெண்ணின் முகத்தையும் வரைந்திருந்தார். 2014 செப்டம்பரில் தகவல்தளத்தில் புதிதாக ஏறிய படத்தைப் பார்த்ததும் அது தான் வரைந்த முகம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள் தம்பி. இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் எழுதினார், அவ்வளவுதான். சகோதரியின் டிஎன்ஏவை எடுத்து ஒப்பிட்டார்கள். 2015 ஜனவரி 26 அன்று அவள் பெயரைச் சொன்னார்கள். சாகும்போது பதினாறு வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. தோழியோ காப்பல்மனோ யாரையும் கொலைகாரன் என்று கைகாட்டவில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இவள் யார்? யார் கொன்றது என்ற கேள்வியைவிட அது சின்னதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்வலர்கள் உண்மையாகவே சாதித்த வழக்குகளில் எனக்குத் தெரிந்தவை ஏறக்குறைய எல்லாமே இந்தக் கேள்வியின் வழியாகத்தான் நடந்தன. சேர வேண்டிய இரண்டு தாள்களைச் சேர்த்து வைப்பதற்குப் பொறுமையும் நினைவும் போதும். அதற்குக் கைது செய்யும் அதிகாரம் வேண்டாம், விசாரணை அறை வேண்டாம். ஒருவர்மேல் கொலைப்பழி சுமத்த அவை எல்லாம் வேண்டும். உங்களிடமும் என்னிடமும் அவை இல்லை.

ஆருஷி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த வழக்கு. 2008 மே 16 காலையில் நொய்டாவில் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், காவலர்கள், அக்கம்பக்கத்தார், பத்திரிகைக்காரர்கள், ஆளுக்கு ஒரு முடிவோடு வந்தார்கள். வேலைக்காரர் ஹேம்ராஜைக் காணோம், அப்படியென்றால் அவன்தான். அவரைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்றுகூட அறிவித்தார்கள். பூட்டிக் கிடந்த மொட்டைமாடிக் கதவை அன்று யாரும் உடைக்கவில்லை. மறுநாள் திறந்தபோது ஹேம்ராஜ் அங்கே பிணமாகக் கிடந்தார். உலகமே கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நாள் முழுவதும் அவர் மே மாத வெயிலில் மாடியில் கிடந்திருக்கிறார். நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர். இன்றைக்கும் நாம் அதை ஆருஷி வழக்கு என்கிறோம், நீங்களும் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். கொல்லப்பட்டவர்கள் இரண்டு பேர்.

அதற்குப் பிறகு ஒரு காவல் உயரதிகாரி, பதினான்கு வயது நிறைய எட்டு நாள் இருந்த அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் முன்னால் பேசினார். பெற்றோர் ஆயுள் தண்டனை பெற்று, நான்கு வருடம் கழித்து விடுதலையானார்கள். அவர்களுக்கு முன்பு சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, உண்மை கண்டறியும் சோதனை என்று ஊசி போடப்பட்டு, கடைசியில் குற்றப்பத்திரிகைகூட இல்லாமல் வெளியே வந்த வேலைக்காரப் பையன்களும் உண்டு. அந்த வழக்கில் ஏற்கெனவே போதுமான பேர் போதுமான ஆட்களைக் கைகாட்டிவிட்டார்கள். உங்கள் காணொளியில் வருகிறவரும் உயிரோடு இருக்கும் மனிதர்தான், இல்லையா?

2022இல் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டபோது, சீட்டுப் பார்த்துக் குறி சொல்கிற ஒரு பெண், அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர்தான் காரணம் என்று வரிசையாகக் காணொளி போட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பேராசிரியைக்கும் கொலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறையில் இருப்பவன் வேறொருவன். குறிக்காரப் பெண் செய்தது அவதூறு என்று 2024இல் நீதிமன்றம் சொன்னது. சொன்னபோது ஒன்றரை வருடம் போயிருந்தது.

இவ்வளவு தூரம் போகாமல் எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த அக்கா கிணற்றில் கிடந்தாள். தானாக விழுந்தாளா, தள்ளினார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் டீக்கடையில் ஒரே வாரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த தையல்காரர். ஏன் அவர்? அவர் கடையில் அவள் நின்று சிரித்துப் பேசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். போலீஸ் அவரை ஒருநாள் வைத்திருந்து விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. தையல் மெஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனதை நான் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். அவருடைய சின்ன மகள் என் தங்கையின் வகுப்பு. அந்த அக்காவின் சாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த வண்டிதான் முதலில் கண்ணில் வருகிறது. அவளைக்கூட அவளாக நினைக்க விடாமல் செய்துவிட்டோம் நாங்கள்.

அதனால் என் பதில்: படிப்பது தப்பில்லை. விடவும் வேண்டாம். அம்மாவிடம் டேமி ஜோவின் கதையைச் சொல்லுங்கள். கிளறுவதற்கும் தேடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு உடனே புரியும், நம் அம்மாக்களுக்கு இது நன்றாகவே புரியும். காணொளியை மட்டும் வெளியிடாதீர்கள்.

உங்கள் மூவரின் பொறுமைக்கு வேலை வேண்டுமென்றால் நம் நாட்டில் அது கொட்டிக் கிடக்கிறது. நாளிதழில் உள்பக்க மூலையில் பார்த்திருப்பீர்கள்: அடையாளம் தெரியாத பெண் பிணம், வயது சுமார் இருபது, பச்சை நிறச் சுடிதார், வலது முழங்கையில் தழும்பு. அந்த நாலு வரியோடு முடிந்துபோனவர்கள் எத்தனை பேர். டெல்லியும் சுற்றியுள்ள மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் ஜிப்நெட் என்ற தளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத பிணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சில படங்களைப் பார்த்தால் இரண்டு நாள் சோறு இறங்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். பொருந்துவது போல ஏதாவது தெரிந்தால் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தை நீங்களாகப் போய்ப் பார்க்காதீர்கள். உங்கள் ஊகம் தவறாக இருந்தால் அந்த வீட்டில் இன்னொரு முறை எழவு விழும்.

டேமி ஜோவை அவள் குடும்பம் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. அத்தனை வருடம் அவளைப் பார்த்துக்கொண்ட ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டான்ஸ்வில்லில் அவள் பெயர் போட்ட புதுக் கல் நிற்கிறது.

அந்த நாற்பது பக்கக் குறிப்பில் ஹேம்ராஜுக்கு எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, நீங்கள் முடிவு கட்டியிருக்கும் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, மணிவாரிப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா