மூச்சு வாங்கினால் வயதுதான் காரணமா? – கேள்வி பதில்

வணக்கம். கோலாலம்பூரில் நுரையீரல் பிரிவில் 22 ஆண்டுகள் தாதியாக இருந்தேன். போன ஞாயிறு செந்தூலில் ஒரு கோவில் மண்டபத்தில் இலவச நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்தினோம். குழாயில் ஊத வைத்து, காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கும் சோதனை இது. நவம்பர் மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை உலக சிஓபிடி நாள், அதையொட்டிய ஏற்பாடு. வரும் ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் இன்னொன்று இருக்கிறது. அதற்கு முன், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா, சிஓபிடி என்பது ஆஸ்துமாதானே?

இல்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தமிழில் சொல்கிறோம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்து எடுத்தால் பெரும்பாலும் பழையபடி விரிந்துவிடும். இதில் புகையும் தூசியும் பல வருடமாக உள்ளே போய்க் குழாய்கள் தடித்துப்போகும், காற்றுப்பைகளும் சிதையும். மருந்து ஓரளவு விரிக்கும், முழுக்கத் திரும்பாது. உலக அளவில் 2021-இல் மட்டும் 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

என் அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. முகாமில் ஊதிப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். எப்படி இது?

அம்மாவை நன்றாக நினைவிருக்கிறது. மூன்று முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினார். நன்றாக இருக்கும் நுரையீரல் என்றால் திரையில் கோடு சட்டென்று ஏறி, சரிவாக நேரே இறங்கும். அவருக்கு ஏறிய வேகத்தில் உள்பக்கம் குழிந்து, தூளி மாதிரி தொங்கியது. மொத்தமாக ஊதிய காற்றில் 70 விழுக்காடாவது முதல் ஒரு வினாடியில் வெளியே வந்துவிட வேண்டும். அவருக்கு 58தான் வந்தது.

சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். தோட்டத்து லயத்தில், ஜன்னல் இல்லாத குசினியில், பத்து வயதிலிருந்து ரப்பர் விறகு அடுப்பில் சமைத்தாராம். "ஊதாங்குழல் வைத்து ஊதி ஊதிப் பழகிய வாய் அம்மா இது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணக்கார நாடுகளில் இந்த நோய்க்கு முக்கால்வாசிக் காரணம் சிகரெட்தான். மற்ற நாடுகளில் சிகரெட்டின் பங்கு 30 முதல் 40 விழுக்காடு வரைதான். அங்கே அடுப்புப் புகைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். முகாமில் பார்த்தது முதல் சல்லடை மட்டுமே. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைத்துப் பார்த்தால்தான் டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை.

பசியாறிவிட்டு வரலாமா?

லேசாகப் பசியாறலாம். வயிறு முட்டச் சாப்பிட்டால் ஆழமாக மூச்சை இழுக்க வராது. வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சிகரெட் வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ ஆபரேஷன் செய்தவர்கள் ஊதக் கூடாது. முதலில் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

நான் லாரி ஓட்டுநர், 52 வயது. தினமும் காலையில் சளி, இருமல். எக்ஸ்ரே எடுத்தேன், கிளியர் என்றார்கள். அப்புறம் எதற்கு ஊத வேண்டும்?

எக்ஸ்ரே நுரையீரல் பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்று காட்டும். காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டாது. நோய் ஆரம்பத்தில் இருந்தால் படம் சுத்தமாகவே இருக்கும். நீங்கள் அவசியம் வர வேண்டும் தம்பி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்குச் சளியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) எடுக்க ஆரம்பித்தால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே?

ஆக மாட்டோம். இந்தப் பேச்சால் நோயை முற்ற விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து நேராக நுரையீரலுக்கே போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும். ஆனால் பாதிப் பேர் தப்பாக அடிக்கிறார்கள், மருந்து நாக்கிலேயே நின்றுவிடுகிறது. முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். பிறகு அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, 10 எண்ணும்வரை அடக்குங்கள். கைக்கும் மூச்சுக்கும் நேரம் ஒத்துவரவில்லை என்றால் பம்ப்போடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்த பம்ப் என்றால் அடித்த பிறகு வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள்.

மகன் சிகரெட்டை விட்டுவிட்டு வேப் (மின் சிகரெட்) பிடிக்கிறான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதிலும் பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கிறது, நுரையீரலுக்குள் ரசாயனம் போகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டமும் வேப்பை சிகரெட்டோடு சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அரசு கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது, அழைத்துப் போங்கள்.

புகைமூட்டக் காலத்தில் என்ன செய்வது?

காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே அலையாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் சாதாரண முகக்கவசம் போதாது, என்95 போடுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. 40 வருடம் சிகரெட். பத்துமலையில் 272 படியையும் நிற்காமல் ஏறியவர், இந்தத் தைப்பூசத்துக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் "வயசாச்சு லா" என்கிறார். முகாமுக்கு வர மறுக்கிறார்.

இந்த "வயசாச்சு"தான் என்னை வருத்துகிறது. மூச்சு குறையக் குறைய மனிதர் தன்னையறியாமல் வேலையைக் குறைத்துக்கொள்வார். முதலில் படியை விடுவார். அப்புறம் சந்தைக்குப் போவதை விடுவார். பிறகு குளித்து முடித்துத் துண்டு கட்டும்போதே மூச்சு வாங்கும். அதற்குள் நுரையீரலில் பாதி போயிருக்கும். வயதானால் மூச்சின் பலம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் தன் வயது நண்பரோடு சமதரையில் நடக்கும்போதே பின்தங்கினால் வயதைச் சொல்லிச் சமாளிக்க முடியாது.

அவரிடம் நோய் என்று பேச்சை எடுக்காதீர்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடத்தோடு நீங்கள் ஏறும்போது கூட வர வேண்டும் என்று கேளுங்கள். போன நுரையீரல் திரும்ப வராது. ஆனால் இன்றைக்கு சிகரெட்டை விட்டாலும் தேய்வது மெதுவாகும். மருந்தும் முறையான பயிற்சியும் இருந்தால் இப்போது நடப்பதைவிட நன்றாக நடப்பார்.

அக்கா, நான்தான் மறுபடியும். அப்பா பல்செட் போட்டிருக்கிறார். ஊதும்போது கழற்ற வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்.

கழற்ற வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லுங்கள். ஆடாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், குழாயை உதட்டால் இறுகப் பிடிக்க உதவும். சட்டை மட்டும் கொஞ்சம் தளர்வாகப் போட்டுக்கொள்ளட்டும். காலை 8 மணிக்கே இருப்போம். மண்டபத்தின் பின்வாசல் வழியாக அழைத்து வாருங்கள், அந்தப் பக்கம் படி இல்லை.