நாடக நூல் வாங்கும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வங்கிக் கிளை ஊழியர்கள் ஆண்டு விழாவில் நாடகம் போட விரும்பி, ஐந்து நாடகங்கள் அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் 450 ரூபாய் கொடுத்து வாங்கினோம். பிரித்துப் பார்த்தால் எல்லாமே இருபது பேர் நடிக்கும் நாடகங்கள். நாங்கள் ஏழு பேர். அதில் பெண்கள் இருவர். விற்பனையாளர் நூலைத் திரும்பப் பெற மறுக்கிறார். (திருச்சி வாசகர்)

பதில்: மறுக்க அவருக்கு உரிமை உண்டு. கேட்ட நூல்தான் வந்திருக்கிறது, பக்கம் குறையவில்லை, அச்சு அழியவில்லை. விற்பனை விதிகளில் காரணம் கேளாமல் திரும்பப் பெறுவதாக அவர் எழுதியிருந்தாலொழிய, உங்கள் குழுவில் ஏழு பேர்தான் என்பது அவருடைய குறையாகாது. வாங்கும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் பாத்திரங்களின் எண்ணிக்கையைக் கேட்டிருக்கலாம்.

ஆயினும், உங்கள்மீது வருகிற கோபத்தைவிடப் பதிப்பாளர்கள்மீது எனக்கு வருகிற கோபம் பெரிது. தமிழில் வெளிவரும் நாடக நூல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, நன்றியுரை என்று பன்னிரண்டு பக்கம் ஓடும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, நாடகம் எவ்வளவு நேரம் நடக்கும், எத்தனை காட்சி மாற்றம், மேடையேற்ற யாரிடம் அனுமதி கேட்பது என்ற ஐந்து வரிகளுக்கு மட்டும் இடம் இருக்காது. நாவல் வாங்குகிறவருக்கு இவை தேவையில்லை. நாடக நூலைப் பெரும்பாலும் நடிக்கத்தானே வாங்குகிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய சாமுவேல் ஃபிரெஞ்ச் நிறுவனத்தின் ஆங்கில நடிப்புப் பதிப்புகளில் பாத்திரப் பட்டியலோடு, மேடை அமைப்பின் வரைபடமும், எந்தக் காட்சியில் எந்தப் பொருள் மேசைமேல் இருக்க வேண்டும் என்ற பட்டியலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. பின்னட்டையில் ஆசிரியரின் புகைப்படத்துக்குக் கீழே "ஆண் 5, பெண் 2, ஒரே மேடை அமைப்பு, 70 நிமிடம்" என்று ஒரு வரி போட்டால் காகிதச் செலவு எவ்வளவு கூடிவிடும்? புத்தகக் காட்சியில் எந்தக் கடையில் இதைக் கேட்டாலும் "உள்ளே இருக்கும் சார், வாங்கிப் படிங்க" என்கிறார்கள். அப்படிச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் நூலை வீணாக்க வேண்டாம். இருபது பாத்திரங்களில் காவலர், தூதுவர், அண்டை வீட்டார் போன்றவற்றைக் கழித்து, ஒன்றாக மேடையில் தோன்றாத பாத்திரங்களை ஒருவரே ஏற்கும்படி பிரித்துப் பாருங்கள். ஐந்தில் ஒன்றாவது தேறலாம்.

கேள்வி: சமூக ஊடகத்தில் ஒருவர் பிரபல நாடகம் ஒன்றை "மேடையேற்றும் உரிமையுடன்" தருவதாக 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பி.டி.எஃப். அனுப்பினார். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு ஆசிரியரின் குடும்பத்தார் அழைத்து, அப்படி ஒருவரைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்கிறார்கள். இப்போது அவர் எண் அணைக்கப்பட்டிருக்கிறது. (மதுரைக் குழு ஒன்றின் செயலாளர்)

பதில்: அனுமதி வாங்க வேண்டும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் நீங்கள், அந்த நல்லெண்ணத்தையே ஒருவன் காசாக்கியிருக்கிறான் என்பதுதான் வயிற்றெரிச்சல். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன கணக்கு விவரம், உரையாடலின் படங்கள் அனைத்தையும் வைத்திருங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அதே சான்றுகளுடன் ஆசிரியரின் குடும்பத்தாருக்கும் எழுதி முறையான அனுமதி கேளுங்கள். அது வரும்வரை டிக்கெட் விற்பனையை நிறுத்திவையுங்கள், ஏனெனில் நீங்கள் ஏமாந்தது அவர்களுடைய உரிமையைக் குறைத்துவிடாது. காப்புரிமைச் சட்டப்படி உரிமம் என்பது உரிமையாளர் எழுத்தில் தருவது. நாடகத்தின் பெயர், எத்தனை முறை மேடையேற்றலாம் என்ற கணக்கு, நாள், தொகை ஆகியவை கொண்ட கடிதம் இல்லாமல் இனி யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களைப் போட யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பதில்: யாரிடமும் வேண்டாம். அவர் 1964-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற காப்புரிமைக் கணக்கு 2024 டிசம்பருடன் முடிந்துவிட்டது. அவருடைய பல நாடகங்கள் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அச்சு நூல்தான் வேண்டுமென்றால் உள்பக்கங்களைப் பார்த்து வாங்குங்கள். பழைய நாடகம் ஒன்றின் மறுபதிப்பை நான் 600 ரூபாய்க்கு வாங்கினேன். பழம்பிரதியைக் கணினியில் படிக்கவைத்து, ஒருவரும் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய நூல் அது. அடைப்புக்குறிகள் எல்லாம் காணாமற்போய் மேடைக்குறிப்பும் வசனமும் ஒன்றாகிவிட்டதால், முதல் வாசிப்பில் கதாநாயகி "சுவாமி, என்னைக் கைவிடாதீர்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்" என்று ஒரே மூச்சில் உருக்கமாகப் படித்தார். ஒத்திகை அன்று அத்துடன் முடிந்தது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் இறந்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. 'ஹாம்லெட்'டின் தமிழாக்கத்தை மேடையேற்ற, மொழிபெயர்ப்பாளரின் மகன் பணம் கேட்பது நியாயமா?

பதில்: நியாயம்தான். மூலம் பொதுச்சொத்து, மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு, அதற்குத் தனிக் காப்புரிமை. கொடுக்க மனமில்லையென்றால் 'ஹாம்லெட்'டைத் தழுவிப் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய 'அமலாதித்யன்' இருக்கிறது. அதன் பழைய நடை உங்கள் நடிகர்களின் நாவில் புரளுமா என்று இரண்டு காட்சிகளை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்கு நகைச்சுவை நாடகம் போடுகிறோம். டிக்கெட் கிடையாது, நன்கொடை மட்டும்தான். புத்தகம் வாங்கியாயிற்று, அனுமதியும் வேண்டுமா?

பதில்: புத்தகம் வாங்குவது படிக்கும் உரிமையைத் தருகிறது; மேடையேற்றும் உரிமை வேறு. தொழில்முறை அல்லாத குழு, பணம் செலுத்தாத பார்வையாளர்களுக்கு நடத்தும் நாடகத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் நடித்து, அவர்களும் பெற்றோரும் பள்ளியைச் சார்ந்தோரும் மட்டும் பார்ப்பதற்கும் அப்படியே. ஆனால் வாசலில் மேசை போட்டு, நன்கொடை தந்தவருக்கே முன்வரிசை நாற்காலி என்றால் அதற்குப் பெயர் டிக்கெட்தான். நாடகத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவதும் இந்த விலக்கில் அடங்காது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். இலவச நாடகமானாலும் ஆசிரியருக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்புங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய நாடக நூலில் 33 முதல் 48 வரை பக்கங்களே இல்லை. புகார் அனுப்பிப் பத்து நாட்கள் ஆகியும் பதில் இல்லை. (கோவை வாசகி)

பதில்: பதினாறு பக்கம் என்பது ஒரு முழு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த தொகுதி; நூலைக் கட்டும்போது அது விட்டுப்போயிருக்கிறது. இது தெளிவான குறைபாடு, மாற்றுப் பிரதியோ பணமோ உங்களுக்கு வந்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே பதிவுசெய்யுங்கள். தொகை சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது.

கேள்வி: நடிகர்கள் பத்துப் பேர். ஒரு புத்தகம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. பத்துப் பிரதி வாங்குங்கள்; பதிப்பாளரிடம் நேரில் கேட்டால் தள்ளுபடியும் கிடைக்கலாம்.

கேள்வி: கிரீஷ் கர்னாடின் 'துக்ளக்' போடலாம் என்று "துக்ளக் நாடகம்" என்று கேட்டேன். கடைக்காரர் சோவின் 'முகமது பின் துக்ளக்'கைக் கொடுத்துவிட்டார். இது ஏமாற்று வேலை அல்லவா?

பதில்: அல்ல. அட்டையில் ஆசிரியர் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள்.