பாழுங்கிணறு ஆழமாக இருக்க வேண்டுமா?

கேள்வி: பெண்ணைப் பொருந்தாத இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டால், "பாழுங்கெணத்துல தள்ளிட்டாங்களே" என்பார் என் மாமியார். ஆழமான கிணற்றைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் இல்லை என்கிறாள். ஆழ், பாழ் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்களா ஐயா?
– வாசகி, சாத்தூர்

பதில்: மகள் சொல்வதே சரி அம்மா. ஓசைதான் ஒட்டுகிறது, பொருள் ஒட்டவில்லை. ஆழ் என்றால் அமிழ்வது, கீழே இறங்குவது. ஆழத்தை அளக்க முடியும். "ரெண்டாள் மட்டம் தண்ணி கெடக்கு" என்று நம் பக்கத்தில் ஆளை வைத்தே அளப்பார்கள். பாழுக்கு அப்படியோர் அளவு கிடையாது.

பாழ் என்பது வெறும் காலியும் அல்ல. புதிதாகக் கட்டி இன்னும் பால் காய்ச்சாத வீடு காலி வீடு. அதைப் பாழ்வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆட்கள் வாழ்ந்து, விளக்கெரிந்து, பிறகு கேட்பாரற்றுப் போனதே பாழ். ஒரு காலத்தில் கமலை இறைத்த கிணறுகளைச் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். ஊற்று வற்றி, பக்கச்சுவர் சரிந்து, உள்ளேயே வேலிக்கருவை முளைத்து நிற்கும். மண் மேவி ஓராள் ஆழமே மிஞ்சியிருந்தாலும் அது பாழுங்கிணறுதான். பக்கத்துத் தோட்டத்தில் எழுபதடிக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அது பாழ் ஆகாது. உங்கள் மாமியார் அஞ்சுவது ஆழத்துக்கு அல்ல. தண்ணீர் எடுக்கக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்காத இடத்தில் விழுந்தவள் கூப்பிட்டால் யார் காதில் விழும்? அதுதான் அவர் கவலை.

"வருவிருந்து வைகலும் ஓம்புவான் வாழ்க்கை பருவந்து பாழ்படுதல் இன்று" என்கிறது 83ஆம் குறள். நாலு பேர் வந்து போகும் வாழ்க்கை பாழ்படாது என்பதில், ஆளற்றுப் போவதே பாழ் என்ற உணர்வு எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

பழம்பாட்டில் இச்சொல்லுக்கு வேறு உயரமும் உண்டு. பரிபாடலின் மூன்றாம் பாடல், "பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என" என்று எண்களை அடுக்கும்போது பாழிலிருந்தே தொடங்குகிறது. சுழியத்தைத்தான் இது குறிக்கிறது என்று கொள்வோர் உண்டு.

உங்கள் ஐயத்துக்கு நேரடியான சான்று நம்மாழ்வாரிடம் இருக்கிறது. திருவாய்மொழியின் கடைசிப் பதிகத்தில், பத்தாம் பாட்டில், இரண்டு சொற்களையும் ஒரே அடியில் வைக்கிறார்: "சூழ்ந்து அகன்று ஆழ்ந்து உயர்ந்த முடிவில் பெரும் பாழேயோ!" சூழ்வது, அகல்வது, ஆழ்வது, உயர்வது எல்லாம் அந்தப் பாழின் பரப்பைச் சொல்ல வந்தவை, ஆழ்ந்து என்பது கீழ்த்திசையை மட்டும் காட்டுகிறது. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்கியிருக்க முடியுமா? இந்தப் பாழில் இழப்பும் இல்லை, சிதைவும் இல்லை. உலகெல்லாம் தோன்றுவதற்கு மூலமான பிரகிருதியையே பாழ் என்கிறார் என்பது வைணவ உரைகாரர்கள் தரும் விளக்கம். அந்தப் பாழைவிடப் பெரியது சோதி, அதனினும் பெரியது ஞான இன்பம் என்று ஏறிக்கொண்டே போய், அதைவிடவும் பெரியது "என் அவா" என்கிறார். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் அந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

பாழும் கிணறு, பாழுங்கிணறு என்று இரண்டு விதமாகவும் எழுதலாம். நம் மாவட்டத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவதால், எழுதும்போது மட்டும் 'பாளும்', 'ஆளம்' என்று வந்துவிடாமல் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.