நாசரேத் ஆஸ்பத்திரி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆச்சி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் ஊரின் தூய லூக்கா மருத்துவமனையில் பிறந்தவர். அதைக் கட்டியவர் மர்காஷிஸ் ஐயர் என்றே வீட்டில் சொல்வார்கள். நெல்லைச் சீமையின் முதல் ஆஸ்பத்திரி அதுதானா? மதம் மாற்றுவதற்கான தூண்டில் என்று என் நண்பன் வாதிடுகிறான்.
- பாளையங்கோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மர்காஷிஸ் என்ற மிஷனரி குரு நாசரேத்துக்கு வந்தது 1876-ல். மருத்துவமனை அதற்கு முன்பே, 1870-ல் தொடங்கிவிட்டது. தொடங்கியவர் ஸ்ட்ராச்சன், மருத்துவம் படித்த குரு. பின்னாளில் ரங்கூன் பேராயராகப் போய்விட்டார். மர்காஷிஸோ 1908-ல் இறக்கும்வரை நாசரேத்தை விடவில்லை. நாசரேத் கல்லூரிக்கே அவர் பெயர்தான். ஊர் தன்னோடு தங்கியவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன்.

'முதல்' பட்டத்துக்கு நான் வரவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் ராம்சே என்ற மிஷன் மருத்துவர் 1838-லேயே வேலையைத் தொடங்கிவிட்டார். அது அன்று திருவிதாங்கூர் என்று சொல்லி நாம் தப்பிக்கலாம்.

தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய மிஷன்கள் வைத்தியத்தை வேத ஊழியத்தின் பகுதியாகவே கண்டன. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நாசரேத்தில் ஆஸ்பத்திரி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சபை வேரூன்றிவிட்டது. பிடித்த மீனுக்கு எதற்குத் தூண்டில் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அது அமைந்த இடம். சுற்றிலும் பனங்காடு, தேரி எனும் செம்மணல் மேடு. பதநீர்க் காலத்தில் பனையேறி காலையும் மாலையும் மரம் மரமாக ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் பாளை வீணாகிவிடும். நெஞ்சு காய்த்துப் போயிருக்கும். பிடி தவறினால் இடுப்போ முதுகோ போயிற்று. அந்த உடம்பைக் கட்டிலில் போட்டுப் பாளையங்கோட்டைவரை தூக்கிப்போவது எப்படி? திருச்செந்தூர் ரயிலே 1923-ல்தான் வந்தது.

பிறகு 1876-78-ன் தாது வருடப் பஞ்சம். பசியோடு வாந்திபேதியும், அதாவது காலராவும், சேர்ந்துகொண்டது. காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் காட்டியது 1880-களில்தான். ஆகவே அன்றைய மருத்துவர் கையிலும் அதற்கு உருப்படியான மருந்து கிடையாது. இதை மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் சற்றே விழுங்கிவிடுகிறார்கள். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு மர்காஷிஸ் இல்லம் நடத்தினார். 1878-ல் கைத்தொழில் பள்ளியும் திறந்தார்.

ஆச்சியின் பிறப்புக்கு ஆதாரம் வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் மட்டும் தேடாதீர்கள். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் அதில் இருக்கும். கோயிலின் பொறுப்பிலுள்ள சேகர குருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.