காட்சித் தொடர்பைக் கற்றுக்கொடுக்க எந்த மென்பொருளில் தொடங்குவது?

கேள்வியின் சாரம் இது: கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் கலந்த வகுப்பு. வரைபடம், விளக்கப்படம், ஸ்லைடு வழியாகத் தகவல் சொல்லப் பழக்க வேண்டும். முதலில் எந்த மென்பொருள்?

எதுவும் வேண்டாம். முதல் இரண்டு வகுப்புக்குத் தாள், பென்சில், அளவுகோல் போதும். கணினியைத் திறந்ததுமே எக்செல் எதை நீட்டுகிறதோ அதை வாங்கிக்கொண்டு நிறம் மாற்ற உட்கார்ந்துவிடுவார்கள். என்ன சொல்லப் போகிறோம் என்ற யோசனையே வராது.

நான்கு கிளைகள், பன்னிரண்டு மாத விற்பனை என்று ஓர் அட்டவணை கொடுங்கள். வரையச் சொல்லாதீர்கள், அதில் தெரிவதை வினைச்சொல்லோடு ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். 'கிளைவாரி விற்பனை நிலவரம்' என்று எழுதினால் அது கோப்புக்கு வைக்கிற பெயர். 'ஏப்ரலுக்குப் பிறகு தெற்குக் கிளை மட்டும் சரிகிறது' என்பதுதான் செய்தி. இந்த வரி வந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது. 'சரிகிறது' என்றால் காலம் ஓடுகிறது, ஆகவே கோட்டு வரைபடம். 'மட்டும்' என்றால் மற்ற மூன்று கிளைகளும் சாம்பல் கோடுகளாகப் பின்னால் நிற்க வேண்டும். அவற்றை நீக்கினால் எதோடு ஒப்பிடுவது? 'ஏப்ரலுக்குப் பிறகு' என்பதற்கு அந்த இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று. எழுதிய வரி அப்படியே தலைப்பாக மேலே போய்விடும்.

அடுத்து, கண் எதைச் சரியாக அளக்கும், எதில் ஏமாறும் என்பது. கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை: ஒரே அளவுகோலில் புள்ளிகள் நிற்கும் இடத்தைக் கண் நன்றாக ஒப்பிடும், நீளம் அதற்கடுத்தது, கோணமும் பரப்பும் இன்னும் கீழே. இதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது எளிது. 18, 19, 20, 21, 22 என்ற ஐந்து எண்களை எடுங்கள், கூட்டினால் 100. முதலில் வட்டப்படமாக வரைந்து, எண்களை மறைத்து, துண்டுகளின் வரிசையைக் கேளுங்கள். துண்டுக்குத் துண்டு 3.6 பாகைதான் வித்தியாசம்; வகுப்பில் ஆளுக்கொரு வரிசை வரும். பிறகு அதையே ஓர் அலகுக்கு 5 மில்லிமீட்டர் என்று பட்டைகளாக வரையுங்கள். 9 சென்டிமீட்டர் முதல் 11 வரை, அரை அரை சென்டிமீட்டராக உயரும். யாரும் தடுமாற மாட்டார்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இன்னொரு பாடம் அதிலேயே இருக்கிறது. பட்டைகளின் அடிப்பக்கத்தை மறைத்து, அச்சை 17-ல் தொடங்குங்கள். 18 ஓர் அலகு உயரம், 22 ஐந்து அலகு உயரம். 22 சதவீத வித்தியாசம் ஐந்து மடங்காகத் தெரிகிறது. பட்டை நீளத்தால் பேசுகிறது, அதனால் அதற்குப் பூஜ்ஜியம் கட்டாயம். கோட்டு வரைபடம் சரிவால் பேசுவதால் அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'எல்லா வரைபடமும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால், உடல் வெப்பநிலை வரைபடத்தைக்கூடத் தட்டையாக்கிக் கொண்டுவருவார்கள்.

உருவங்களால் எண்ணிக்கை காட்டும்போதும் இதே ஏமாற்றுதான். இரண்டு மடங்கைக் காட்ட மனித உருவத்தின் உயரத்தை இரட்டித்தால் அகலமும் கூடவே வளர்ந்து, பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஓட்டோ நியூராத் என்ற ஆஸ்திரிய அறிஞர் வியன்னாவில் 1920-களில் உருவாக்கிய படமுறை இதற்கு வைத்த விதி: உருவத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் கூடுதலாக அடுக்கு.

நிறத்துக்கு அதிக நேரம் வேண்டாம். ஒரு நிறம் செய்திக்கு, மற்றதெல்லாம் சாம்பல். அலுவலக அறிக்கைகளில் வரும் சிவப்பு-பச்சை வட்டங்கள்தான் தொல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு அந்த இரண்டும் சரியாகப் பிரிந்து தெரியாது. மற்ற இடங்களில் சற்றுக் குறைவு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் யாருக்குமே தெரியாமல் போகலாம். வட்டத்துக்குள் ஒரு சரிக்குறியோ பெருக்கல் குறியோ போட்டால் தீர்ந்தது. பார்வைக் குறை உள்ளவர்களும் வலைப்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல் நெறிமுறை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 4.5:1, வெள்ளை மேல் சுத்த மஞ்சள் 1.1-ஐக்கூடத் தொடாது.

பாடப்படங்களில் பெரும்பாலும் கெடுவது அம்புக்குறி. ஒளிச்சேர்க்கைப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சூரியனிலிருந்து இலைக்கு ஓர் அம்பு, வேரிலிருந்து நீர் ஏறுவதற்கு ஓர் அம்பு, 'இலைத்துளை' என்று பெயர் சுட்டவும் ஓர் அம்பு. மூன்றும் ஒரே தடிமன், ஒரே நிறம். புதிதாகப் பார்க்கும் பிள்ளை, பெயரிலிருந்து இலைக்குள் ஏதோ போகிறது என்று படித்தால் தவறு அதன் மேல் இல்லை. பெயர் சுட்ட முனையில்லாத மெல்லிய கோடு, பொருள் நகர்வுக்குத் தடித்த அம்பு, ஆற்றலுக்கு அலைக்கோடு என்று பிரித்துவிடுங்கள். பெயர்களை உறுப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்; 1 முதல் 12 வரை எண் போட்டு ஓரத்தில் பட்டியல் வைத்தால், கண் அங்குமிங்கும் ஓடுவதிலேயே கவனம் தீர்ந்துவிடும். இதயப் படமென்றால், பார்ப்பவரின் வலப்பக்கம் இருப்பது இதயத்தின் இடப்பக்கம் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள்.

ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாசித்துக் காட்டுவது மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு தரப்புக்கும் பொதுவான நோய். படிக்கும் வேகமும் கேட்கும் வேகமும் வேறு, இரண்டும் முட்டிக்கொள்ளும். அரங்கில் காட்ட ஒரு கோப்பு, மின்னஞ்சலில் அனுப்ப விளக்கத்தோடு வேறொரு கோப்பு. ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால், காட்டும்போது எழுத்து மொய்க்கும், அனுப்பும்போது விளக்கம் பத்தாது.

வேலை நடக்கும் முறையைப் படமாக்கும்போது ஒட்டுத்தாள்களில் தொடங்குங்கள்: தாளுக்கு ஒரு செயல், 'ரசீதைச் சரிபார்' என்பது போல. ஏறக்குறைய எல்லோரும் விடுவது திரும்பி வரும் பாதையை. ரசீது தவறாக இருந்தால் யாரிடம் போகும்? அந்த அம்பு இல்லாத படம் சுவருக்கு அழகு, வேலைக்கு ஆகாது.

எதை விட்டுவிட்டோம் என்று பார்க்கவும் பழக்க வேண்டும். 1986-ல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியதை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையில் இரண்டு வரைபடங்கள் உண்டு. இரண்டிலும் ஒரு அச்சில் ஏவும்போது இருந்த வெப்பநிலை, மற்றதில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களில் நேர்ந்த பாதிப்பு. பாதிப்பு நேர்ந்த பயணங்களை மட்டும் குறித்த படத்தில் புள்ளிகள் பரவிக் கிடக்கும், வெப்பநிலைக்கும் பாதிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியாது. பாதிப்பில்லாத பயணங்களையும் சேர்த்தால் கதை மாறுகிறது: 66 டிகிரி பாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் ஏவிய 20 பயணங்களில் 3-ல்தான் பாதிப்பு, அதற்குக் கீழே ஏவிய ஒவ்வொன்றிலும் பாதிப்பு. வாடிக்கையாளர் புகார்களை மட்டும் வரைந்து, மொத்த ஆர்டர்களை விட்டுவிடும் அலுவலக அறிக்கையும் இதே ஓட்டையோடுதான் வருகிறது.

மதிப்பெண் போட ஒரு யோசனை. 20-க்கு என்றால் செய்தி வரிக்கு 6, பொருத்தமான வடிவத்துக்கு 5, நேர்மையான அளவுகோலுக்கு 4, பெயர்கள் இருக்கும் இடத்துக்கு 3, அழகுக்கு 2. செய்தி வரிக்கான 6 மதிப்பெண்ணை நீங்கள் போடாதீர்கள்: படத்தை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்து, பக்கத்து மாணவரிடம் என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தலைப்பை மறைத்துவிட்டுத்தான் காட்ட வேண்டும், வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு அந்த வரியையும் வரைந்தவரின் செய்தி வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.